ஜாக் பென்னிக்கு வயலின் தெரியுமா, தெரியாதா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வயலின் கற்கும் உங்கள் மகள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்ற அமெரிக்க நகைச்சுவைக்காரர் ஜாக் பென்னியின் பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தாவுக்கு நிஜமாவே வாசிக்கத் தெரியாதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் தேடிப் பார்த்தால் ஒருவர் அவரை வயலின் மேதை என்கிறார், வேண்டுமென்றே கெடுத்து வாசித்தார் என்கிறார். இன்னொருவர் அவருக்கு ஒன்றுமே வராது, வராததைத்தான் காசாக்கினார் என்கிறார். எது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் எதற்காக நாற்பது வருடம் தெரியாதவராக நடிக்க வேண்டும்? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 20 வருடமாகக் குழந்தைகளுக்கு மேற்கத்திய வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பென்னியின் வானொலி நிகழ்ச்சிகளை இரவில் காதில் மாட்டிக்கொண்டு தூங்கிப்போகிற ஆளும்கூட. சுருக்கமாகச் சொன்னால், அவருக்கு வயலின் தெரியும், நன்றாகவே தெரியும். மேதை கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்க நாடகக் கொட்டகைகளில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, புதிதாக நீட்டுகிற இசைத்தாளை அப்படியே பார்த்து வாசித்துச் சம்பளம் வாங்குவார்களே, அந்த வகைத் தொழில்முறை வாசிப்பாளர். மேதைக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில்தான் அவருடைய மொத்த வாழ்க்கையும் நடந்தது.

இயற்பெயர் பெஞ்சமின் குபெல்ஸ்கி. 1894 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் பிறந்து, பக்கத்தில் ஏரிக்கரை ஊரான வாகீகனில் வளர்ந்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா மேயர், முதலில் மதுக்கடையும் பிறகு துணிக்கடையும் வைத்திருந்தார். ஆறு வயதில் பையன் கையில் வயலினைக் கொடுத்தார். பையன் பெரிய கச்சேரி வித்வானாக வரவேண்டும் என்பது வீட்டின் கனவு. பையனுக்கோ சாதகம் என்றால் வேப்பங்காய். ஆனால் காது நல்ல காது. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை, பாதியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ஊரில் இருந்த பாரிசன் தியேட்டரில் வாத்தியக் குழுவில் வயலின் வாசிக்கும் வேலை கிடைத்திருந்தது.

இங்கே ஒரு சின்ன சாட்சி. பிற்காலத்தில் சினிமாவில் பெயரெடுத்த நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் அந்தத் தியேட்டருக்கு நிகழ்ச்சி நடத்த வந்தார்கள். அவர்களுடைய அம்மா மின்னிதான் மேலாளர், கெட்டிக்காரி. தங்கள் பாட்டுகளை இந்தப் பையன் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதைக் கவனித்து, எங்களோடு ஊர் ஊராக வா என்று கூப்பிட்டார். குபெல்ஸ்கி வீட்டில் அனுமதிக்கவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு வந்த அந்த அழைப்பு வயலினுக்காக வந்தது. அப்போது அவர் மேடையில் வாயே திறக்காத ஆள். 'ஒன்றும் வராது' கட்சிக்கு என்னுடைய முதல் பதில் இதுதான்.

மார்க்ஸ் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய் நடத்தியது வாட்வில். அது என்ன என்று உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டில் ஏழெட்டு அயிட்டம். கயிற்று வித்தைக்காரர், பாடகி, பழக்கிய நாய்கள், நகைச்சுவை ஜோடி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் பத்து முதல் இருபது நிமிடம். நிறுவனங்கள் தியேட்டர்களைச் சங்கிலியாகக் கையில் வைத்திருக்கும். கலைஞர் ரயிலேறி ஊர் ஊராகப் போய் அதே இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார். நல்ல அயிட்டம் ஒன்று அமைந்துவிட்டால் வருடக்கணக்கில் அதை வைத்தே சாப்பிடலாம். தினமும் செய்து செய்து, எந்த இடத்தில் எத்தனை நொடி சிரிப்பு வரும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். வாட்வில் ஆட்களின் நேரக்கணக்கு இப்படிப் படிந்ததுதான்.

பென்னி அதில் இறங்கியது 1912-இல். கோரா சாலிஸ்பரி என்ற பியானோக்கார அம்மாள், பாரிசன் தியேட்டர் வாத்தியக் குழுவில் அவருடைய சகா, இவரை ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். ஆபராவிலிருந்து ராக்டைம் வரை என்பதுதான் அவர்கள் அயிட்டத்தின் பெயரும் சரக்கும். உயர்ந்த சங்கீதத்தில் தொடங்கித் தெருவில் பாடுகிற மெட்டில் முடிப்பார்கள். பெயர்ப் பஞ்சாயத்தும் அப்போதே தொடங்கிவிட்டது. யான் குபெலிக் என்ற உலகப் புகழ்பெற்ற செக் வயலின் மேதை, குபெல்ஸ்கி என்ற பெயரில் இன்னொரு வயலின்காரர் திரிவதை ஆட்சேபித்தார். பையன் பென் கே. பென்னி ஆனான். அம்மாளுக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டி வந்ததும் லைமன் வுட்ஸ் என்ற பியானோக்காரர் ஜோடி சேர்ந்தார். வில்லைக் கோணலாகப் பிடிப்பது, கண்ணை உருட்டுவது என்று கொஞ்சம் சேட்டை இந்தக் காலத்தில்தான் உள்ளே வந்தது. ஆனால் பேச்சு கிடையாது. 1917-இல் நியூயார்க் பாலஸ் தியேட்டரில் ஏறினார்கள். வாட்வில்லுக்கு அதுதான் உச்சி, அங்கே கைதட்டு வாங்கினால் ஊரெல்லாம் வாய்ப்பு. இவர்கள் எடுபடவில்லை. அதே வருடம் பென்னியின் அம்மாவும் இறந்துபோனார்.

அப்புறம் முதல் உலகப் போர், கடற்படை. வாகீகனுக்குப் பக்கத்திலேயே இருந்த கிரேட் லேக்ஸ் பயிற்சி முகாம். மாலுமிகளுக்கான மேடை நிகழ்ச்சி ஒன்றில் உருக்கமான ஒரு பாட்டை வயலினில் வாசித்துக்கொண்டிருக்கிறார், கூட்டம் கூச்சல் போடுகிறது. பிற்காலத்தில் சினிமா நடிகராகப் பெயரெடுத்த பாட் ஓப்ரையன் மேடைக்கு வந்து காதில், வயலினைக் கீழே வை, அவர்களிடம் ஏதாவது பேசு என்கிறார். இவர் பேசுகிறார், கூட்டம் சிரிக்கிறது. பென்னியின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. இதில் நான் எதை நம்புகிறேன், எதைத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முகாம் மேடையில்தான் அவர் பேச ஆரம்பித்தார் என்பது உறுதி. அடுத்த சில வருடங்களின் விளம்பரப் பெயர்களே அதைக் காட்டுகின்றன. ஒரே இரவில், ஒரே வாக்கியத்தில் எல்லாம் மாறியது என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடத் தயங்குகிறேன். நகைச்சுவைக்காரர்கள் தங்கள் கதையை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி மெருகேற்றுகிறவர்கள். ஓப்ரையன் சொன்னதாக வரும் வார்த்தைகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன.

போர் முடிந்து தனி ஆளாகத் திரும்பியபோது அயிட்டத்தின் தலைப்பில் வயலினும் வேடிக்கையும் சரிபாதி. மறுபடியும் பெயர்ப் பஞ்சாயத்து. பென் பெர்னி என்று ஏற்கெனவே ஒருவர் வயலினோடு நகைச்சுவை செய்துகொண்டிருந்தார், அவருடைய ஆட்சேபம். மாலுமிகள் ஒருவரையொருவர் ஜாக் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதையே எடுத்துக்கொண்டு 1921 வாக்கில் ஜாக் பென்னி ஆனார். இதற்குப் பிறகு நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். வயலினை அவர் விடவில்லை, வாசிப்பதைத்தான் குறைத்துக்கொண்டே வந்தார். கையில் வயலினோடு வந்து நின்று, இதோ வாசிக்கப் போகிறேன் என்ற தோரணையில் பேசிக்கொண்டே போவார். வாத்தியம் கையில் இருந்தால் கையை என்ன செய்வது என்ற கவலை இல்லை. கூட்டத்துக்கும் ஒரு எதிர்பார்ப்பு தொங்கிக்கொண்டே இருக்கும்.

1932-இல் பாலஸ் தியேட்டரே சினிமாக் கொட்டகை ஆகிவிட்டது. அதே வருடம் மே மாதம் பென்னிக்குச் சொந்த வானொலி நிகழ்ச்சி கிடைத்தது. வாட்வில்லில் ஒரு இருபது நிமிடத்தை வைத்து வருடங்களை ஓட்டியவர்களுக்கு வானொலி பகாசுரன், வாரா வாரம் புதுச் சரக்கு கேட்டது. நிறையப் பேர் அங்கேதான் வீழ்ந்தார்கள். பென்னி எழுத்தாளர்களுக்குத் தாராளமாகச் சம்பளம் கொடுத்தார், துணுக்குகளை நம்புவதைவிட ஒரு ஆளை உருவாக்குவதை நம்பினார். கஞ்சன், தற்பெருமைக்காரன், எத்தனை பிறந்தநாள் வந்தாலும் வயது 39, வயலின் வாசித்தால் தெருவே காலி. இந்தக் கற்பனை ஜாக் பென்னியைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் மட்டம் தட்டுவார்கள், சிரிப்பு அவர்களுக்குப் போகும். மனைவி மேரி லிவிங்ஸ்டன், அறிவிப்பாளர் டான் வில்சன், வேலைக்காரர் ராச்செஸ்டராக வந்த எடி ஆண்டர்சன். ராச்செஸ்டர் பாத்திரத்தின் தொடக்க கால எழுத்தில் கறுப்பினத்தவரைப் பற்றி வாட்வில் மேடையில் புழங்கிய மட்டமான கேலிகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவற்றைக் கைவிட்டார்கள். மகளோடு சேர்ந்து கேட்பதாக இருந்தால் 1945-க்குப் பிந்தையவற்றிலிருந்து தொடங்குங்கள்.

வயலின் கேலியை நாடு முழுவதும் கொண்டுபோனது ஒரு பத்து வயதுப் பையன். 1936 டிசம்பர் 30 அன்று பிரெட் ஆலன் என்ற இன்னொரு நகைச்சுவைக்காரரின் நிகழ்ச்சியில் ஸ்டூவர்ட் கேனின் என்ற சிறுவன் 'தேனீ' என்ற துண்டை வாசித்தான். வேகமான, ரீங்காரமான சின்னத் துண்டு. (எழுதியவர் டிரெஸ்டன் ஊர் பிரான்ஸ்வா ஷூபர்ட். வியன்னாவின் பெரிய ஷூபர்ட் வேறு ஆள், மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.) ஆலன் எழுதிவைக்காமல் சும்மா ஒரு வார்த்தை விட்டார், இதைக் கேட்டால் ஜாக் பென்னி வெட்கித் தலைகுனிய வேண்டும் என்கிற மாதிரி. பென்னி தன் நிகழ்ச்சியில் பதில் கொடுத்தார், தன்னாலும் அதை வாசிக்க முடியும் என்றார். வாரக்கணக்கில் இழுத்தார்கள். நிஜத்தில் இருவரும் நல்ல நண்பர்கள். இந்தப் பொய்ச்சண்டை 1956-இல் ஆலன் இறக்கும் வரை ஓய்வே பெறவில்லை. அந்தச் சிறுவனையும் விட்டுவிடாதீர்கள். 1945-இல் போட்ஸ்டாம் மாநாட்டில் ட்ரூமன், சர்ச்சில், ஸ்டாலின் மூவர் முன்னால் வாசித்த அமெரிக்கப் படைவீரர் அவர்தான். பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியின் முதல் வயலின்.

சரி, இப்போது என் தொழில் சார்ந்த விஷயம். நிகழ்ச்சியில் பேராசிரியர் லெபிளாங்க் என்று ஒரு வயலின் வாத்தியார் வருவார், மெல் பிளாங்க் குரல் கொடுத்தது. குரோய்ட்சர் என்பவர் வயலின் மாணவர்களுக்காக எழுதிய பயிற்சிகளில் இரண்டாவதைப் பென்னி அறுத்துக்கொண்டிருப்பார். வாத்தியார் அதே மெட்டில் தன் துக்கத்தைப் பாட்டாகப் பாடுவார். உங்கள் மகள் இன்னும் அதற்கு வரவில்லை என்றால் சீக்கிரம் வருவாள். நீளமாக, ஒரே அளவு குறுஞ்சுவரங்களாக ஓடுகிற பயிற்சி அது, உலகத்தில் வயலின் கற்கிற எல்லோரும் அதில் மாட்டியிருப்போம். பென்னி அதைக் கெடுப்பதைக் காதைத் தீட்டிக் கேளுங்கள். விரல் சரியான சுவரத்துக்கு ஒரு மயிரிழை கீழே விழும். ரொம்பத் தள்ளி விழுந்தால் அது வேறு சுவரமாகிவிடும், வெறும் தப்பு, சிரிப்பு வராது. கேட்கிறவரின் மனதில் சரியான சுவரம் ஒலித்துக்கொண்டிருக்க, அதன் வாசல் வரை வந்து உள்ளே நுழையாமல் நிற்க வேண்டும். எல்லாச் சுவரத்தையும் கெடுக்கவும் கூடாது, நாலு சுத்தமாகப் போய் ஐந்தாவது சறுக்க வேண்டும். வில்லைப் பிரிட்ஜுக்கு, அதாவது தந்திகளைத் தாங்குகிற மரத்துண்டுக்கு, அருகில் கொண்டுபோய் அழுத்தி மெதுவாக இழுத்தால் அந்தக் கதவுக் கிறீச்சொலி வரும். அதையும் அவர் வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறார். இத்தனைக்கும் காலப்பிரமாணம் நகர்வதில்லை. பின்னால் மெல் பிளாங்க் பாடவேண்டும் அல்லவா, தாளம் ஆடினால் அவர் வரி உட்காராது.

இதை என் வகுப்பில் ஒரு சனிக்கிழமை சோதித்தும் பார்த்தேன். நாலைந்து வருடம் படித்த மூன்று பிள்ளைகளிடம் அதே பயிற்சியின் முதல் இரண்டு வரியைக் கொடுத்து, ஐந்தாவது சுவரத்தை மட்டும் கீழே விடுங்கள், தாளம் விடாதீர்கள் என்றேன். ஒருத்திக்கு விரல் அதுவாகவே சரியான இடத்துக்குப் போய்விட்டது, பழக்கம். ஒருவன் தப்பாக வாசித்துவிட்டுத் தன் தப்பைக் கேட்டுத் தானே சிரித்து நின்றுவிட்டான். மூன்றாவது பிள்ளைக்குத் தப்பு சரியாக வந்தது, தாளம் போய்விட்டது. நானும் வாசித்துப் பார்த்தேன். நாலாவது முயற்சியில்தான் உருப்படியாகக் கெட்டது.

அவருடைய பேச்சிலும் இதே வாத்தியக்காரரைத்தான் நான் கேட்கிறேன். இது என் ஊகம், ஆதாரம் காட்டி நிரூபிக்கிற விஷயமில்லை. இசைத்தாளில் மௌனத்துக்கும் குறியீடு உண்டு, அளவு உண்டு. எண்ணிக்கொண்டேதான் சும்மா இருக்க வேண்டும். 1948 மார்ச் 28 நிகழ்ச்சியில், பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்ட் கோல்மனிடம் அப்போதுதான் அவர் வாங்கியிருந்த ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு பென்னி வீட்டுக்கு நடந்து போகிறார். வழிப்பறிக்காரன் மறிக்கிறான், பணமா உயிரா என்கிறான். பென்னி பேசவே இல்லை. கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி கேட்கிறான். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்!" என்று எரிந்து விழுகிறார் இவர். பதினாறு வருடமாகக் கஞ்சத்தனத்தைக் கட்டிவைத்திருந்ததால் அந்த மௌனத்தை அவர் நிரப்ப வேண்டியிருக்கவில்லை, கேட்பவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

வானொலி வரலாற்றிலேயே மிக நீண்ட சிரிப்பு இதுதான் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது தவறு. பதிவு இருக்கிறது, கேட்டால் சிரிப்பு சில நொடிகள்தான். அதைவிடப் பெரிய சிரிப்புகள் அவர் நிகழ்ச்சியிலேயே உண்டு, அதில் ஒன்று அடுத்த மாதமே வந்தது. ஆபரா பாடகி டோரத்தி கிர்ஸ்டனும் டான் வில்சனும் புச்சினி என்ற இத்தாலிய ஆபரா இசையமைப்பாளரின் இசை நுணுக்கங்களைப் பெரிய பெரிய சங்கீதச் சொற்களில் அலசிக்கொண்டிருக்கிறார்கள். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்த பென்னி, "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று ஆரம்பிக்கிறார். "நீங்க வாயை மூடுங்க!" என்கிறார் மேரி. இதைச் சொன்னது கிர்ஸ்டன் என்று சிலர் எழுதுவார்கள். பதிவில் மேரியின் குரல்தான். சங்கீதம் தெரிந்த ஒருவரைச் சங்கீதம் பேசவிடாமல் அடக்குவதுதான் அங்கே நகைச்சுவை.

1956-இலிருந்து அவர் செய்தது 'மேதை' கட்சிக்குக் கொஞ்சம் வலு சேர்க்கும். சிம்பொனி வாத்தியக் குழுக்களின் நிதிக்காகக் கச்சேரி கொடுக்கத் தொடங்கினார். கார்னகி ஹாலில் நியூயார்க் பில்ஹார்மோனிக், பிறகு நாடெங்கும். சாகும் வரை பல லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார், தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. வால்கோட்டும் வெள்ளை டையுமாக, முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் வந்து மெண்டல்சன் என்ற இசையமைப்பாளரின் இசையை வாசிப்பார். அவர் தடுமாறுகிற பகுதியைக் குழுவின் முதல் வயலின்காரர் எழுந்து அனாயாசமாக வாசித்துக் காட்ட, பென்னி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அரங்கம் வெடிக்கும். இதற்காக அறுபது வயதுக்கு மேல் மறுபடி ஒழுங்காகச் சாதகம் செய்தார், தினமும் மணிக்கணக்கில். சிறுவயதில் சாதகத்துக்கு டிமிக்கி கொடுத்த ஆள். தன்னிடமிருந்த ஸ்ட்ராடிவேரியஸ் என்ற விலைமதிப்பற்ற பழைய இத்தாலிய வயலினை லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்குக்கே எழுதிவைத்தார். 1974 டிசம்பர் 26 அன்று இறந்தார்.

இனி என் காது சொல்வதைச் சொல்கிறேன். நான் கேட்டவை வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகள்தான். 1912-இல் பியானோவோடு எப்படி வாசித்தார் என்பதற்கு நான் சாட்சியாக முடியாது. பதிவுகளில் கேலியை மறந்து அவர் நேராக வாசிக்கிற சில இடங்கள் இருக்கின்றன. வலதுகை நல்ல பயிற்சி பெற்ற கை, வில் நேராகப் போகிறது. நீண்ட சுவரங்களில் அதிர்வு பழைய பாணி, இனிமையாக இருக்கிறது. வேகமான இடங்களில் இடதுகை தடுமாறுகிறது, சுருதி ஆங்காங்கே நிஜமாகவே நழுவுகிறது. எது நடிப்பு, எது நிஜம் என்று சில இடங்களில் என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பார்வையாளர்களுக்கும் அது பிரியக் கூடாது என்பதுதானே அவருக்கு வசதி. குபெலிக் மாதிரி மேதையாக அவர் ஆகியிருக்க முடியாது. ஊருக்கு ஊர் வேலை கிடைக்கிற வயலின்காரராகக் காலம் தள்ளியிருக்கலாம். தனக்குத் தன் எல்லை தெரிந்திருந்ததும், அந்த எல்லையிலேயே கடை போட்டதும்தான் என் கணக்கில் அவர் செய்த காரியம்.

மகளுக்கு முதலில் லெபிளாங்க் வருகிற காட்சி ஒன்றைக் காட்டுங்கள், பிறகு நேராக வாசிக்கிற துண்டு ஒன்றைக் காட்டுங்கள், கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள். அவளும் கெடுத்து வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் முடித்ததும் அதே வரியை மெதுவாக இரண்டு தடவை சரியாக வாசிக்கச் சொல்லிவிட்டு வயலினைப் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் விரல் கீழே விழுந்த இடத்திலேயே பழகிவிடும், அடுத்த வகுப்பில் அவளுடைய டீச்சர் உங்களைத்தான் திட்டுவார்.